தூளிக்கு வந்த சால்வைகள்

மைசூரில் சால்வை போர்த்தாமல் ஒரு கூட்டமும் முடியாது. பள்ளி ஆண்டு விழாவோ, பால் சங்கக் கூட்டமோ, மேடையில் நாலு பேர் உட்கார்ந்துவிட்டால் போதும், பின்னாலிருந்து யாராவது தட்டோடு வந்துவிடுவார்கள். தட்டில் சால்வை, பழம், பெரிய மனிதர் என்றால் ஜரிகைத் தலைப்பாகை. தொண்டு நிறுவனம் நடத்துகிற எங்களுக்கு இந்தப் பழக்கம் இன்னும் முற்றிப்போனது. நன்கொடை கொடுக்கிறவர் கண்ணில் பட்டால் முதல் காரியமாக அவர் தோளில் எதையாவது போட்டுவிடுவோம். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

போர்த்திக்கொண்டவர் என்ன செய்வார் என்பதும் எங்களுக்குத் தெரியும். போட்டோ எடுக்கிற வரைக்கும் தோளில் இருக்கும். பிறகு அதை உருவி, மடித்து, பின்னால் நிற்கிற உதவியாளரிடம் கொடுத்துவிடுவார். வருடம் முழுக்க இப்படி வாங்கிக்கொள்கிற சால்வைகளெல்லாம் எங்கே போகும் என்று நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. ஒருநாள் ஒரு மூட்டை எங்கள் வாசலுக்கே வந்து இறங்கியது.

நான் ஒரு குழந்தைக் காப்பகத்தின் பொறுப்பாளர். அப்போது அது மைசூரின் ஹெப்பாள் பக்கம், அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்த ஒரு மனையின் மூலையில், தகரக் கொட்டகையில் நடந்துகொண்டிருந்தது. சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் காலையில் கைக்குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மத்தியானம் வந்து பால் கொடுப்பார்கள். முக்கால்வாசிப் பேர் தமிழ்க் குடும்பங்கள். எல்லையோரத்து ஹனூர், கோபிநத்தம் பக்கத்துக்காரர்களும் தர்மபுரிப் பக்கத்துக்காரர்களும். நான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். என் தமிழில் பாதி கன்னடம். அவர்கள் பேசுவது எனக்கு முழுதாகப் புரிவதற்கே சில மாதங்கள் ஆயின.

புரிய வைத்தவள் என்னோடு வேலை செய்தவள்தான். ஹனூர்க்காரி. குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, பால் காய்ச்சுவது, மேஸ்திரியோடு சண்டை போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. எழுதுவது, ஆங்கிலத்தில் பேசுவது, கூட்டங்களுக்குப் போவது என் பொறுப்பு. இரண்டில் எது கஷ்டம் என்று எங்களுக்குள் ஓயாத வாக்குவாதம். "நீங்க ஏசில உக்காந்து பேசிட்டு வர்றீங்க, நான் இங்க மூத்திரத் துணி அலசறேன். நாளைக்கு மாத்திக்கலாமுங்களாக்கா?" என்று கேட்பாள். நான் அந்தக் கூட்டங்களில் பட்ட பாட்டுக்கு, மாற்றிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

அந்த மூட்டை ஒரு தொழிற்சாலை அறக்கட்டளையிலிருந்து வந்தது. அவர்கள் முகவரிகளில் எங்கள் காப்பகம் எப்படியோ இருந்திருக்கிறது. அலமாரி நிறைந்துவிட்டதாம், உபயோகமான துணிகள் என்று ஆள் மூலம் அனுப்பிவிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் அத்தனையும் சால்வை. எனக்கு எரிச்சலாக வந்தது. பால் பவுடருக்கு வழியில்லாத இடத்தில் ஜரிகைச் சால்வையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஆனால் அவள் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, தாங்குகிறதா என்று சோதித்து, இரண்டு முனையிலும் கயிறு கோத்துக் கொட்டகைக் குழாயில் கட்டிவிட்டாள். கைக்குழந்தைக்கு ஒரு சால்வையே போதுமான தூளி. ஜரிகை குழந்தையின் தோலில் உரசாமல் வெளிப்பக்கம் வரும்படி பார்த்துக்கொண்டாள். ஊர்ப் பெரிய மனிதர்களுக்கெல்லாம் போட்ட மரியாதை எங்கள் கொட்டகையில் வரிசையாகத் தொங்கி ஆடியது. பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அந்த வருடம் பங்குனியில் எங்களுக்கு இரண்டு இடி ஒன்றாக விழுந்தது. பல வருடமாக எங்களைத் தாங்கிய குடும்பம் இனி முடியாது என்று சொல்லிவிட்டது. கட்டட வேலை முடியும் தறுவாயில் இருந்ததால் யுகாதி கழிந்ததும் கொட்டகையைப் பிரிக்கப் போவதாக ஒப்பந்தக்காரரும் சொல்லிவிட்டார். பக்கத்து மனையில் அடுத்த கட்டடம் எழும்பப் போகிறது, பெண்கள் அங்கே போவார்கள். காப்பகத்துக்கு மட்டும் அங்கே இடம் கிடையாது.

எல்லாத் தாய்மார்களுக்கும் கவலைதான். ஆனால் கோபிநத்தத்துக்காரப் பெண் ஒருத்தி, எட்டு மாதப் பெண் குழந்தைக்காரி, என்னிடம் நேராக வந்து சொல்லிவிட்டாள். எங்களிடம் வருவதற்கு முன் அவள் குழந்தையை மணல் குவியலுக்குப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டுத்தான் கலவை சுமந்தவள். ஒருநாள் மணல் லாரி பின்னோக்கி வந்து, குழந்தை படுத்திருந்த சாக்கின் ஓரத்தில் ஏறி நின்றது. அதற்குப் பிறகு குழந்தையை அப்படிப் படுக்க வைத்துவிட்டு வேலை செய்ய அவளால் முடியாது.

"இது மூடுனா பாப்பாவ ஊர்ல எங்க அண்ணிகிட்ட உட்டுட்டு வந்துருவனுங்க. ஒருத்தர் கூலியில இங்க ஓடாதுங்க. ஆனா பால் குடிக்கற கொழந்தைய உட்டுட்டு எப்படிங்க இருக்கறது?"

மூட விடமாட்டேன் என்று சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த வாரக் கடைசியில் தொண்டு நிறுவனங்களுக்கும் நன்கொடையாளர்களுக்குமான இரண்டு நாள் கூட்டம் இருந்தது. அதைத்தான் நம்பினேன்.

முதல் நாள் பயிற்சி. பெங்களூரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், கழுத்தில் மைக்கை மாட்டிக்கொண்டு, நன்கொடையாளரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். பிரச்சினையை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். பயத்தைப் பற்றிப் பேசக் கூடாது, தாக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். இப்படி ஒவ்வொன்றாக. எனக்கு இந்தப் பாடங்களைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது. மத்தியானம் மட்டும் ஒரு விஷயம் உருப்படியாகப் பட்டது. நன்கொடையாளரின் வருடத்தை வரையச் சொன்னார். எந்த மாதம் விண்ணப்பம் பார்ப்பார்கள், எந்த மாதம் குழு கூடும், எந்த மாதம் பணம் வெளியே வரும் என்று பெரிய தாளில் ஸ்கெட்ச் பேனாவால் வட்டமாக வரைந்தோம். அவர்களுடைய வருடத்தைப் புரிந்துகொண்டால் வேலை பாதி முடிந்த மாதிரி என்றார். என் வட்டத்தை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். கை தட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கடைசியில் ஒரு அறிவிப்பு. நாளைக்கு நன்கொடையாளர்கள் வரும்போது சால்வை, தலைப்பாகை, பழக்கூடை எதுவும் வேண்டாம். வீண் செலவு. வேண்டுமானால் ஒரு செடி கொடுக்கலாம். நியாயமான பேச்சு என்று நினைத்து நான் சால்வை வாங்கவில்லை. செடியும் வாங்கவில்லை.

மறுநாள் துணைக்கு ஹனூர்க்காரியையும் அழைத்துப் போயிருந்தேன். மண்டபத்துக்குள் நுழைந்தால் ஒவ்வொருவர் பையிலும் சால்வை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் அந்த அறிவிப்புக்குத் தலையாட்டியவர்கள்தான் அத்தனை பேரும். நாங்கள் பார்க்க வேண்டியது அந்தத் தொழிற்சாலை அறக்கட்டளையின் மேலாளர் அம்மாவை. எங்களுக்கு முன்னால் போன மூன்று பேரும் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் வெறுங்கையோடு நிற்கிறேன்.

"நீங்க சும்மா இருங்கக்கா. நான் கொண்டாந்துருக்கேன்," என்றாள் பக்கத்தில் நின்றவள். பையிலிருந்து மாம்பழ நிறத்தில், இஸ்திரி போட்டு மடித்த ஒரு சால்வையை எடுத்தாள். "கைய வீசிக்கிட்டு எப்படிங்க போறது?"

என் உயிரைக் காப்பாற்றினாள் என்று நினைத்தேன். எங்கே வாங்கினாய் என்று கேட்க நேரமில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சில நிமிடம்தான், முடிந்ததும் மணி. மணி அடித்தார்கள். எங்கள் முறை.

மேலாளர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மைசூர்த் தமிழர். சளி பிடித்து மூக்கு சிவந்திருந்தது. ஏசி காற்று நேராக அவர் நாற்காலிக்கே அடித்துக்கொண்டிருந்தது. முதல் மூன்று சால்வையும் வழக்கம்போல உதவியாளர் கைக்குப் போயிருந்தன. எங்களுடையதை மட்டும் அவர் கழற்றவில்லை. இழுத்துக் கழுத்து வரைக்கும் சுற்றிக்கொண்டார். "ஏசி ஜாஸ்தியா இருக்கு. இது நல்லா மெத்துன்னு இருக்கு," என்றார். நான் பயிற்சியில் சொன்னபடி ஒரே மூச்சில் பேசினேன். பயத்தைச் சொல்லவில்லை. தாக்கத்தைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். பொதுவாக ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத்தான் செய்கிறோம், பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் தொழிலில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மறுபடி மணி அடித்துவிட்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் நான் வாடிப்போய் நின்றுகொண்டிருந்தேன். மேலாளர் அம்மா அதே சால்வையோடு எங்களைத் தேடி வந்தார்.

"ஒண்ணு கேக்கணும். இந்த ஷால்ல ஏதோ வாசனை இருக்கு. காலையிலேர்ந்து யோசிக்கிறேன், பிடிபடல. வசம்பா?"

"வசம்புதானுங்க," என்றாள் ஹனூர்க்காரி. "கொஞ்சம் வெளக்கெண்ணெயும் இருக்கும். நல்லாத் தொவச்சு, இஸ்திரி போட்டுத்தானுங்க கொண்டாந்தேன். கொழந்தைங்க படுத்துப் படுத்து ஊறிப்போச்சு, வாசம் மட்டும் போகமாட்டேங்குது."

கொட்டகையிலிருந்து அவிழ்த்துக் கொண்டுவந்திருக்கிறாள்!

"என்ன கொழந்தை? எங்க படுத்துச்சு?"

"தூளியிலங்க. நீங்க அனுப்புனதுதானுங்க. மூட்டையா வந்துச்சுல்ல? அத்தனையும் தூளி கட்டிட்டனுங்க. இது மெத்துன்னு இருக்கும், அதான் உங்களுக்குன்னு எடுத்தேன்."

"ஹௌதா? அப்படியா?" என்று மட்டும் கேட்டார். சால்வையின் முனையைப் பிரித்துப் பார்த்தார். கயிறு கோத்த இடத்தில் எத்தனை இஸ்திரி போட்டும் போகாத சுருக்கம் இருந்தது. அதை விரலால் நீவினார். கோபப்படப் போகிறார் என்று நான் மன்னிப்பு வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அவரோ தட்டை மேசையில் வைத்துவிட்டு, சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். பிறகு, "நான் வந்து பார்க்கணும்," என்றார்.

சொன்னபடி அடுத்த வாரம் வந்தார். வரிசையாகத் தொங்கிய தூளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஒன்றின் முன்னால் நின்று, இது எந்த விழாவில் போட்டது என்றுகூடச் சொன்னார். மத்தியான நேரம். கோபிநத்தத்துப் பெண் தலையில் சிமெண்ட் தூளோடு உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கைகளை மட்டும் முழங்கை வரை தேய்த்துக் கழுவியிருந்தாள்.

மேலாளர் அம்மா எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "எனக்குப் பிடிச்சிருக்கு. ஆறு வயசு ரூலை நான் பேசி மாத்திக்கறேன். ஜூலையில போர்டு கூடும். பாஸ் ஆயிடும். அதுக்கு நான் பொறுப்பு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வரைந்த வட்டத்தில் ஜூலை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக நடந்துகொண்டிருந்தது. ஹனூர்க்காரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து கேட்டாள். "சரிங்கம்மா. அதுவரைக்கும்?"

குறையாகக் கேட்கவில்லை. பேருந்து எப்போது வரும் என்று கேட்பது போலத்தான் கேட்டாள். அவளுக்கு அது தெரிய வேண்டியிருந்தது. யுகாதிக்கு இன்னும் சில நாட்கள்தான். மேலாளர் அம்மா என்னைப் பார்த்தார். நான் ஹனூர்க்காரியைப் பார்த்தேன். கடைசியில் மேலாளர் அம்மாதான், "அதுவரைக்கும் எப்படியாவது மேனேஜ் பண்ணிக்கோங்க," என்றார். நானும் உடனே, "பண்ணிக்கறோம் மேடம்," என்றேன். இந்தத் தொழிலில் எத்தனையோ முறை சொன்ன வாக்கியம். அன்றைக்கு அதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

கொட்டகையைச் சொன்ன நாளில் பிரித்துவிட்டார்கள். நாங்கள் அறை தேடி அலைந்தோம். அழுகிற குழந்தைகளுக்கு வீடு கொடுக்க யாரும் தயாரில்லை. ஹனூர்க்காரி தன் ஒற்றை அறை வீட்டிலேயே தூளிகளைக் கட்டினாள். ஒரு வாரம் நடந்தது. வீட்டுக்காரர் வந்து, இது வீடா சத்திரமா என்று தெருவே கேட்கச் சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வாசலில் நின்ற கோபிநத்தத்துப் பெண், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவள்தான். அன்றே ஊருக்குப் போக ஹனூர் பேருந்து ஏறிவிட்டாள். குழந்தையை அண்ணியிடம் விட்டுவிட்டு மறுநாள் திரும்பி வந்து கலவை சுமந்தாள்.

அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிட்டது. ஹனூர்க்காரிதான் சந்தையில் மல்லிகைப் பூ வாங்கி வந்து, மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டாள். பால் வற்றுவதற்கு அவர்கள் பக்கத்துக் கைவைத்தியம் அது. எங்கே பார்த்தாலும் மல்லிகை மணக்கிற கோடைகாலம். அந்த வருடம் எனக்கு அந்த வாசனையே பிடிக்காமல் போய்விட்டது.

மேலாளர் அம்மா வார்த்தை தவறவில்லை. ஜூலையில் குழு கூடியது, திட்டம் நிறைவேறியது. காகிதங்கள் ஓடி முடிந்து பணம் வந்தபோது மழைக்காலம் பாதி போயிருந்தது. ஹனூர்க்காரி வீட்டுத் தெருவிலேயே தரை பளபளக்கிற இரண்டு அறைகள் பிடித்தோம். பழைய தூளிகளை எல்லாம் மறுபடி கட்டினோம். தசரா நெருங்கும்போது கோபிநத்தத்துக் குழந்தை அத்தையின் இடுப்பில் உட்கார்ந்து வந்து இறங்கியது. தலைமுடி வளர்ந்திருந்தது. நாலு பற்கள்.

தாய் ஓடிவந்து கையை நீட்டினாள். குழந்தை முகத்தைத் திருப்பி அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ம்மா," என்றது. அத்தைக்காரி பதறிப்போய், "நான் சொல்லித் தரலீங்க, அதுவாத்தான் சொல்லுதுங்க," என்றாள். பாவம், அவள் மேல் என்ன தப்பு?

"உடுங்கண்ணி. போகப் போகக் கூப்புடும். எங்க போயிரும்," என்று தாய் சிரித்தாள். பிறகு வெளியே போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

சில வாரம் கழித்து மேலாளர் அம்மா போன் செய்தார். ஆண்டறிக்கைக்கு ஒரு போட்டோ வேண்டும். ஒரு தாய், ஒரு குழந்தை, சிரித்த மாதிரி. இரண்டு வரி கதையோடு. "அன்னிக்கு பால் குடுத்துட்டு இருந்தாளே, அந்தப் பெண்ணையே எடுங்களேன்," என்றார்.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். வீட்டுக்காரர் போட்ட சத்தம், பேருந்து, மல்லிகைப் பூ, குழந்தை யாரை அம்மா என்றது என்பது வரைக்கும். குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் என் குரலில் கோபம் இருந்தது, எனக்கே கேட்டது. இந்தக் கோபத்தால் அடுத்த வருட உதவி போய்விடுமே என்ற பயமும் கூடவே இருந்தது.

"போட்டோ வேண்டாம்," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அடுத்த பங்குனியில் அதே மண்டபத்தில் அதே கூட்டம். அதே இளைஞர், அதே வட்டம், அதே அறிவிப்பு. அதே போலப் பைகளிலிருந்து எட்டிப் பார்க்கும் சால்வைகள். நாங்களும் வரிசையில் நின்றோம். இந்த முறை ஹனூர்க்காரி எதுவும் கொண்டுவரவில்லை. மேலாளர் அம்மா ஏற்கனவே போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாம்பழ நிறம். போன வருடம் நாங்கள் போட்டதேதான்.

எங்களுக்கு முன்னால் இரண்டு இளம் பெண்கள். நஞ்சன்கூடு பக்கம் காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளி நடத்துகிறவர்கள். வாடகைக் கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். ஒரே மூச்சில் அழகாகச் சொன்னார்கள். மேலாளர் அம்மா கேட்டுக்கொண்டு, ஜூலையில் குழு கூடும் என்றார். அவர்கள் முகம் மலர்ந்தது. எழுந்துகொள்ளப் பார்த்தார்கள்.

"இருங்க. அதுவரைக்கும்?"

"அது... மேனேஜ் பண்ணிக்கறோம் மேடம்."

"அதைக் கேக்கல. எப்படின்னு கேட்டேன். பிள்ளைங்க எங்க படுக்கும், யாரு சமைப்பா, சொல்லுங்க."

மணி அடித்தார்கள். அவர் அசையவில்லை. அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தார்கள். ஒருத்தி மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். இந்த முறை அவள் குரலில் பயம் இருந்தது. மேலாளர் அம்மா உதவியாளரின் கையிலிருந்து பேனாவை வாங்கித் தானே எழுதிக்கொண்டார்.

"நம்ம நேரம் போகுதுங்கக்கா," என்று ஹனூர்க்காரி என் முழங்கையை இடித்தாள்.

"போகட்டும்," என்றேன். இரண்டாவது மணியும் அடித்தது. நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம்.